முப்பிடாதிக்கு ஒரு நாற்காலி

"பிள்ளையை மடியில வச்சுக்கிட வேண்டியதுதானே" என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், தங்கபுஷ்பத்துக்கு உச்சந்தலை வரை ஏறிவிடும். தென்காசியில் அதைச் சொல்லாத ஆளே கிடையாது. பால்காரர் சொன்னார், தபால்காரர் சொன்னார், ரயில்வே கேட்காரர் கேட்டை மூடி வைத்துக்கொண்டு சாவகாசமாகச் சொன்னார். அடப்பாவிகளா, காரை ஓட்டுகிறவளே அவள்தானே! கை இரண்டும் ஸ்டீயரிங்கில், கால் இரண்டும் மிதிகளில். இதில் ஒன்றரை வயதுப் பிள்ளையை எங்கே கொண்டு வைக்க? இதை யோசிக்க ஒருத்தருக்காவது தோன்றியதா என்றால் இல்லை.

"சரி, பிள்ளையை மடியில வச்சுக்கிடுதேன். ஸ்டீயரிங்கை நீரு வந்து பிடியும்" என்பாள் தங்கபுஷ்பம். கேட்டவர் சிரிப்பார். அவள் சிரிக்க மாட்டாள்.

தங்கபுஷ்பம் பிரசவம் பார்க்கிற நர்ஸ். பாவூர்சத்திரத்துப் பக்கம் பிறந்து, மிஷன் ஆஸ்பத்திரியில் படித்து, அங்கேயே வேலை பார்த்தவள். அங்கிருந்த வெள்ளைக்கார டாக்டரம்மா சீமைக்குத் திரும்பியபோது தன் பழைய காரை இவளிடம் விட்டுவிட்டுப் போனார். அதோடு தென்காசிக்கு வந்து தனியாகத் தொழில் தொடங்கிவிட்டாள். கார் ஓட்ட யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. பிரசவ வலியில் ஒருத்தி துடித்துக்கொண்டிருக்க, டிரைவர் வெற்றிலை போட்டு முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்த ஒரு நாள், ஆத்திரத்தில் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஏறினவள்தான். அவள் கற்றுக்கொண்ட காரியங்களில் பாதி இப்படி ஆத்திரத்தில் கற்றுக்கொண்டவை.

புருஷன் செல்லப்பாவுக்குக் கொழும்பில் கடை. வருஷத்துக்கு ஒரு தடவை வந்து, ஊரெல்லாம் சென்ட் மணக்க இருந்துவிட்டுப் போவார். பிள்ளை பிறந்தபோது அவருடைய அக்காள் ஆவுடையம்மாள் சுரண்டையிலிருந்து வந்து, குலதெய்வத்தின் பேரைத்தான் வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று முப்பிடாதி என்று பெயர் வைத்துவிட்டுப் போனாள். பெயர் வைக்க எல்லாரும் வந்தார்கள். வளர்க்க யார் வந்தார்கள்? வடகரைக்கோ சுரண்டைக்கோ பிரசவத்துக்குக் கூப்பிட்டால் அன்றைக்கே திரும்பலாம், மறுநாளும் திரும்பலாம். பிள்ளையோ பால்குடி மறக்கவில்லை. அடுத்த வீட்டில் விட்டால் தெருவே கூடுகிற மாதிரி அலறும். ஆகவே தாய் போகிற இடமெல்லாம் பிள்ளையும் போயாக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தங்கபுஷ்பத்துக்கு வாயைத் திறந்தால் 'சவம்' என்றுதான் வரும். திருநெல்வேலிச் சீமையில் அந்தச் சொல்லுக்கு யாரும் அர்த்தம் பார்ப்பதில்லை. அடுப்பு பற்றவில்லையா, சவம். மழை விடவில்லையா, சவம். கார் கிளம்ப மறுத்தால் அது சவத்து வண்டி, பிள்ளை சோறு உண்ண மறுத்தால் "ஏ சவமே, வாயைத் திறட்டி". கோபத்திலும் சொல்வாள், கொஞ்சும்போதும் சொல்வாள்.

காரும் லேசுப்பட்டதில்லை. யுத்தத்துக்கு முந்திய வண்டி, இரண்டே கதவு. பின்னால் ஏற வேண்டுமானால் முன் சீட்டைக் குப்புற மடக்கிவிட்டுத்தான் ஏற முடியும். மடக்கிய சீட்டை நிமிர்த்தினால் அதைப் பிடித்து நிறுத்தக் கொக்கியோ கொண்டியோ கிடையாது, சும்மா நிற்கும். பிள்ளை கைக்குழந்தையாக இருந்தவரை பின்னால் காலடியில் ஒரு கூடையில் கிடந்தாள். எழுந்து நிற்கப் பழகியதும் கூடை சரிப்படவில்லை. முன் சீட்டில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். ஒரு நாள் சுரண்டை ரோட்டில் கோழி ஒன்று குறுக்கே ஓட, தங்கபுஷ்பம் பிரேக்கை அழுத்த, சீட்டு அப்படியே பிள்ளையோடு மடங்கி டேஷ்போர்டில் போய் மோதியது. சீட்டுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் முப்பிடாதி. மூக்கிலிருந்து ரத்தம்.

அன்றைக்குத் தீர்மானித்தாள். இந்த வண்டியில் பிள்ளை அசையாமல் உட்கார ஓர் இடம் வேண்டும். அது கிடைக்கிறவரை ஓயப் போவதில்லை.

கொழும்பிலிருந்து செல்லப்பா ஊர் வந்த ஒருவரிடம் ஒரு சாமான் கொடுத்து அனுப்பினார். பிள்ளைகளுக்கென்றே செய்த கார் நாற்காலி. இரும்புக் குழாய்ச் சட்டம், நீலக் கித்தான், பிள்ளை பிடித்து விளையாட ஒரு குட்டி ஸ்டீயரிங் வேறு. மேலே இரண்டு கொக்கி. சீட்டின் முதுகில் மாட்டிவிட வேண்டியதுதான். தெருவே வந்து பார்த்துவிட்டு, "சிலோன் சாமான்னா சிலோன் சாமான்தான்" என்றது. தங்கபுஷ்பம் மாட்டிப் பார்த்தாள். கொக்கி புது மாடல் கார்களின் மெல்லிசு முதுகுக்கு அளவெடுத்துச் செய்தது. இந்த வண்டிச் சீட்டின் முதுகு தலையணைத் தடிமன். கொல்லரிடம் கொடுத்துக் கொக்கியை விரித்து மாட்டினாள். மாட்டிவிட்டால் போதுமா? அவள் நம்பவில்லை. பிள்ளையின் கனத்துக்கு ஒரு தடியங்காயை, நல்ல வெண்பூசணியாகப் பார்த்து வாங்கி, நாற்காலியில் உட்கார வைத்து, குற்றாலம் ரோட்டில் வேகமாகப் போய் பிரேக் போட்டாள்.

தாங்கவேண்டிய சீட்டே மடங்குகிற சீட்டு. அதில் எதை மாட்டினால் என்ன? சீட்டும் நாற்காலியும் தடியங்காயும் சேர்ந்து கவிழ்ந்தன. காய் இரண்டாகப் பிளந்தது. சீசனுக்குக் குளிக்க வந்த கூட்டம் வேடிக்கை பார்த்தது.

"என்ன நர்ஸம்மா, திருஷ்டி கழிக்கியளா? காரை நிப்பாட்டிட்டுத் தலையைச் சுத்திலா உடைக்கணும்?" என்றார் ஒருவர்.

"உம்ம தலையைக் கொண்டாரும், அதைச் சுத்தி உடைக்கேன்" என்றாள் தங்கபுஷ்பம்.

அடுத்தது குற்றாலத்துப் பிரம்புக் கடை. பிள்ளைக்கான பிரம்பு நாற்காலி ஒன்றை வாங்கி, கார் சீட்டின் மேல் வைத்து, கயிற்றால் வரிந்து கட்டினாள். மறுபடி தடியங்காய், மறுபடி பிரேக். நாற்காலி கயிற்றிலிருந்து உருவிக்கொண்டு போய்க் கண்ணாடியில் முட்டியது. தடியங்காய் வாங்கி வாங்கி அவள் வீட்டில் தினமும் தடியங்காய்க் கூட்டு. 'நர்ஸம்மா காய்க்கு ஊர் சுத்திக் காட்டுதா' என்று பஜாரில் பேச்சு. பேசட்டும். இவர்கள் பிள்ளையா மூக்கு உடைந்து கிடந்தது?

கடைசியில் ஒர்க்‌ஷாப் அய்யாக்குட்டியிடம் போனாள். தென்காசியில் பஸ், லாரி எல்லாம் பார்க்கிறவர். பிள்ளைக்கு நாற்காலி பூட்ட வேண்டும் என்றதும் அவரும் அதையே சொன்னார்.

"மடியில வச்சுக்கிட்டா போச்சு. இதுக்குப் போயா?"

"அண்ணாச்சி, இன்னொரு தடவை மடிங்கற பேச்சை எடுத்தீயன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

அய்யாக்குட்டி ஸ்பேனரை எடுத்தார். இடது பக்கச் சீட்டையே கழற்றி எறிந்துவிட்டு, தேக்கு மரத்தில் சின்ன நாற்காலி செய்து, இரும்புப் பட்டையால் விளிம்பு கட்டி, கால்களை வண்டியின் அடிப்பலகையில் ஆணி முறுக்கிப் பூட்டினார். தங்கபுஷ்பம் இரண்டு கையாலும் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினாள். இற்றுப்போன பலகையிலிருந்து ஆணிகள் பல் விழுகிற மாதிரி கழன்று வந்தன.

"இதான் பூட்டுத லெட்சணமா அண்ணாச்சி? உங்க மகளை இதுல உக்கார வைப்பியளா?"

"கோவப்படாதீங்க நர்ஸம்மா. பலகை சவுத்துப்போச்சு. நான் என்ன செய்ய?"

"பலகைக்குக் கீழ இரும்பு இருக்குல்லா? அதுல பூட்டுங்க."

சேஸில் துளை போட்டு, நான்கு நீள போல்ட்டு கொடுத்து அடியில் முறுக்கினார் அய்யாக்குட்டி. நாற்காலியை இரண்டு பேர் சேர்ந்து இழுத்தும் வண்டிதான் ஆடியது, நாற்காலி ஆடவில்லை. பிறகு செருப்புத் தைக்கிறவரிடம் சொல்லித் தோல் வார் தைத்தாள். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு ஒன்று, நடுவில் ஒரு பக்கிள். கடைசித் தடியங்காயை வைத்து வாரை மாட்டி, இலஞ்சி ரோட்டில் போட்டாள் ஒரு பிரேக். தங்கபுஷ்பத்தின் நெற்றி ஸ்டீயரிங்கில் இடித்து வீங்கியது. தடியங்காய் இருந்த இடத்தில் இருந்தது. வலியோடு வலியாக அந்தக் காயைக் கட்டிப் பிடித்து முத்தம் கொடுத்தாள் என்று சொல்வார்கள். கொடுத்தாலும் தப்பில்லை.

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஊர் விட்டால்தானே!

ஆயுத பூசை வந்தது. ஒர்க்‌ஷாப்பில் கும்பிட்ட வண்டிகளோடு தங்கபுஷ்பத்தின் காரையும் நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, முகப்பில் கேந்திப்பூ மாலை போட்டார் அய்யாக்குட்டி. நாற்காலி அவர் கையால் செய்ததாயிற்றே, அதற்கும் தனியாக ஒரு மாலை. காலையிலிருந்து காது வலி என்று ஓயாமல் அழுத முப்பிடாதிக்குக் காற்றுப் படாமல் இருக்கத் தங்கபுஷ்பம் ஒரு வெள்ளைத் துணியைத் தாடைக்கடியில் கொடுத்து உச்சியில் முடிந்திருந்தாள். பொரிகடலையைத் தின்றுவிட்டுப் பிள்ளை வாரில் கட்டுண்டபடியே தூங்கிப்போனாள். தலை மார்பில் தொங்கியது. இந்தக் கோலத்தில் காரைக் கோயில் பஜாரில் நிறுத்திவிட்டு, பழம் வாங்க இறங்கினாள் தங்கபுஷ்பம்.

வெற்றிலைக் கடை சங்கரம்மாள் கேட்டாள்: "பிள்ளையை எங்க நர்ஸம்மா? கூடவே வருமே?"

"சவத்தை முன்னால கட்டி வச்சிருக்கேன் பாருங்க. காலையில இருந்து என்னா பாடு படுத்திச்சு. இப்பத்தான் அடங்குச்சு."

சொல்லிவிட்டுத் தங்கபுஷ்பம் பழக்கடைக்குள் நுழைந்தாள். சங்கரம்மாள் எட்டிப் பார்த்தாள். மாலை போட்ட கார். மாலை போட்ட நாற்காலி. அதில் உட்கார வைத்துக் கட்டிய பிள்ளை. நெற்றியில் சந்தனம், தாடையில் கட்டு, தொங்குகிற தலை. அந்தப் பக்கத்தில் செத்தவர்களை நாற்காலியில் உட்கார வைத்துத்தான் கட்டுவார்கள். அப்படியே மாலை போட்டு, அப்படியே தூக்கிக்கொண்டு போவார்கள். போதாததற்குப் பெற்றவளே தன் வாயால் சவம் என்கிறாள், அடங்கிவிட்டது என்கிறாள். சங்கரம்மாளுக்கு வேறு என்ன தோன்றும்?

"ஐயோ, எங்க ஆத்தா!" என்று மாரில் அடித்துக்கொண்டு அவள் போட்ட கூப்பாட்டில் பஜாரே திரண்டுவிட்டது. கடைக்காரர்கள் பலகையைச் சாத்தினார்கள். இரண்டு பெண்கள் தெருவில் உட்கார்ந்து ஒப்பாரியே தொடங்கிவிட்டார்கள். யாரோ ஒரு புண்ணியவான் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுரண்டைக்கு, ஆவுடையம்மாளுக்குச் சேதி சொல்லப் பறந்தான்.

தங்கபுஷ்பம் பழச்சீப்போடு வெளியே வந்தாள். பெற்றவளைப் பார்த்ததும் நாலு பேர் வந்து அவளைத் தாங்கிப் பிடித்தார்கள். கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒருத்தி அழுதாள். என்ன ஏதென்று புரிவதற்குள் கூச்சல் கேட்டு விழித்த முப்பிடாதி தலையை நிமிர்த்தி, வாயைப் பிளந்து ஓவென்று அழுதாள். தாங்கிப் பிடித்தவர்கள் பத்தடி பின்னால் போனார்கள்.

"உசுரோட இருக்க பிள்ளைக்கா ஒப்பாரி வைக்கிய? விளங்குவியளா நீங்க? வாயி புழுத்துத்தான் போகும்!" பழச்சீப்பு ஒருவர் மேல் போய் விழுந்தது.

வேறு ஊராக இருந்தால் நாணிக்கொண்டு கலைந்திருக்கும். இந்த ஊர் அவளையே திருப்பிக் கேட்டது.

"பின்ன என்ன? பொணத்தைக் கெட்டுத மாதிரி கெட்டி வச்சா எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பெத்த தாயி பிள்ளையை இப்படி உக்கார வச்சுக் கெட்டுவாளா? மடியில வச்சுக்கிட வேண்டியதுதானே?"

தங்கபுஷ்பம் கார்க் கதவை ஓங்கிச் சாத்தினாள். காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, பிள்ளையை இறக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, அழுகையா கோபமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

சாயங்கால பஸ்ஸில் ஆவுடையம்மாள் வந்து சேர்ந்தாள். தெருமுனையிலிருந்தே தலைவிரி கோலமாக அழுதுகொண்டு வந்தவள், வாசலில் பிள்ளை முறுக்குத் தின்பதைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிள்ளையை வாரி எடுத்து முகம் முழுக்க முத்தம் கொடுத்தாள். விஷயம் தெரிந்ததும் அந்த அழுகை அப்படியே ஏச்சாகத் திரும்பியது.

"ஏட்டி, உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? எங்க அத்தானை அப்படித்தானே உக்கார வச்சுக் கெட்டினாவ? தலை நிக்காம நிக்காம விழுந்துச்சே, மறுபடி மறுபடி இழுத்துக் கெட்டினாவளே. நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன்ட்டி. அந்தக் கெட்டைப் பிள்ளை மேலயா போடுவ?"

ஆவுடையம்மாளின் புருஷன் போய் நாலைந்து வருஷம் ஆகிறது. அந்தக் காட்சி அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. தங்கபுஷ்பத்துக்கு அது தெரியாமல் இல்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்க முடியுமா?

"மதினி, உங்க அத்தானை நீங்க நினைச்சு அழுங்க, நானும் கூட உக்காந்து அழுவுதேன். ஆனா எம்பிள்ளை மூஞ்சி டேஷ்போர்டுல போய் அடிச்சதைப் பாத்தது நான். நீங்க பாக்கல."

"நான் இங்கனயே இருந்து பிள்ளையைப் பாத்துக்கிடுதேன். நீ போற இடத்துக்கெல்லாம் நானும் வாரேன். எம்மடியில வச்சுக்கிடுதேன்."

"வாங்க. நான் பிரசவம் பாக்கையில பிள்ளையை வச்சுக்கிட ஆள் வேணும்தான். ஆனா கார்ல பிள்ளை நாற்காலியிலதான் இருக்கும். வாரைத் தொடக் கூடாது. சம்மதம்னா இருங்க."

ஆவுடையம்மாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு, அம்மன் சத்தியமாகத் தொட மாட்டேன் என்றாள்.

அந்த வாரத்திலேயே ஒரு காலை வடகரையிலிருந்து பலவேசம் என்ற விவசாயி சைக்கிளில் மூச்சிரைக்க வந்தான். பெண்டாட்டி குருவம்மாளுக்கு வலி எடுத்துவிட்டது, தலைப்பிரசவம். தங்கபுஷ்பம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். முப்பிடாதியை நாற்காலியில் உட்கார வைத்து வாரை மாட்டினாள். ஆவுடையம்மாள் பின்னால் ஏறி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

செங்கோட்டை தாண்டியதும் பிள்ளை சிணுங்கத் தொடங்கினாள். பின்னால் திரும்பி அத்தையிடம் கையை நீட்டினாள்.

"ஏட்டி, பிள்ளை கையை நீட்டுதா. பாரு, என்னமா ஏங்குதா."

"ஏங்கட்டும். இந்தா வந்துட்டு வடகரை."

"கல்லு நெஞ்சுக்காரி."

தங்கபுஷ்பம் ரோட்டையே பார்த்து ஓட்டினாள். மழை பெய்து ரோடெல்லாம் சேறு. ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் தென்னந்தோப்பு. கண்ணை எடுக்க முடியாத பாதை. சிணுங்கல் அழுகையாகி, அழுகை சட்டென்று நின்றது. தூங்கிவிட்டாள் என்று நினைத்தாள். அப்பாடா, சவம் தூங்கிட்டு.

தூங்கவில்லை. ஆவுடையம்மாள் முன்னால் குனிந்து, சத்தமில்லாமல் பக்கிளைக் கழற்றி, பிள்ளையை அக்குளில் கைகொடுத்துத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டுவிட்டாள். அம்மன் மேல் சத்தியம் செய்தாளே என்றால், அம்மன் பேரை வைத்த பிள்ளை அழுதபோது அம்மனே சம்மதிப்பாள் என்று அவள் மனசு சொல்லியிருக்கும். அன்பாகத்தான் செய்தாள். அந்த அன்பைக் கொண்டு எங்கே போட?

தோப்புச் சந்திலிருந்து வைக்கோல் வண்டி ஒன்று பக்கம் பார்க்காமல் ரோட்டில் ஏறியது. தங்கபுஷ்பம் பிரேக்கை மிதித்தாள். வண்டி சேற்றில் வழுக்கி, ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. மாட்டுக்கும் அடியில்லை, காருக்கும் அடியில்லை. மூச்சை விட்டுக்கொண்டு பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். நாற்காலி காலியாக இருந்தது. வார் இரண்டு பக்கமும் தொங்கியது. பிள்ளை கீழே கிடந்தாள். ஆவுடையம்மாள் இரண்டு கையையும் நீட்டியபடி, பிடித்திருந்தது எப்படிப் போயிற்று என்று விளங்காமல் வெறித்துக்கொண்டிருந்தாள்.

இரும்புப் பட்டை கட்டிய நாற்காலி முனையிலேதான் அடி. இடது புருவத்துக்கு மேலே தோல் பிளந்து ரத்தம் கண்ணை மூடிக்கொண்டு வழிந்தது. தங்கபுஷ்பம் தூக்கினாள். கண்ணைத் திறந்து பார்த்தாள், கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள், கை காலை நீட்டி மடக்கிப் பார்த்தாள். பிள்ளை வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் அவளுக்குக் கோபப்படவே தெம்பு வந்தது.

"மடியில வச்சியளே மதினி! மடியில வச்சியளே! எங்க போச்சு உங்க மடி?"

தங்கபுஷ்பம் பஞ்சை வைத்து நெற்றியில் அழுத்தி, பிள்ளையை மறுபடி நாற்காலியில் உட்கார வைத்து வாரை மாட்டினாள்.

"பின்னால இருந்து இந்தப் பஞ்சை அமுக்கிப் பிடிங்க. வாரு மேல கை பட்டுதுன்னா ஒடிச்சுப் போடுவேன்."

வடகரையில் பலவேசத்தின் வீட்டு வாசலில் கார் நின்றபோது உள்ளே குருவம்மாள் அலறிக்கொண்டிருந்தாள். தங்கபுஷ்பம் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்தாள். இன்னும் நேரம் இருந்தது. உள்ளேயிருந்த பெண்களிடம் வெந்நீர் போடச் சொல்லிவிட்டு வெளியே ஓடிவந்தாள். பிள்ளையின் காயம் பஞ்சை மீறிக் கசிந்துகொண்டிருந்தது. தையல் போட்டே ஆக வேண்டும். மரத்துப்போக வைக்கிற மருந்து அவள் பையில் இல்லை. ஆஸ்பத்திரிக்குத் திரும்பலாம் என்றால் உள்ளே ஒருத்தி கிடக்கிறாள்.

முற்றத்துக் கயிற்றுக் கட்டிலில் பிள்ளையைப் படுக்க வைத்தாள். ஊசியைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்தாள்.

"பிடிங்க மதினி. அசையக் கூடாது."

ஆவுடையம்மாள் பிடித்தாள். ஊசி தோலைத் தொட்டதும் முப்பிடாதி மீனாகத் துள்ளினாள். ஊசி நழுவி, கண்ணுக்கு ஒரு நூல் இடைவெளியில் போய் நின்றது. தங்கபுஷ்பம் ஊசியைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"இப்படிப் பிடிச்சா கண்ணு போயிரும். பிடிச்சு நிக்காது. கெட்டுங்க."

"எதை?"

"பிள்ளையை. கட்டிலோட சேத்துக் கெட்டுங்க. நெஞ்சு, கை, காலு, நெத்தி எல்லாம்."

ஆவுடையம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள். "ஏட்டி, நான் எப்படிட்டி..." என்றாள்.

"நீங்கதான் கெட்டணும். என் கை சுத்தமா இருக்கணும், நான் எதையும் தொடக் கூடாது. உள்ள இருக்கவ எப்பக் கூப்பிடுவான்னு தெரியாது. அழுதுக்கிட்டாவது கெட்டுங்க. சீக்கிரம்!"

ஆவுடையம்மாள் தன் வெள்ளைச் சேலையின் முந்தானையைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். ஒரு துண்டு நெஞ்சுக்கு. ஒரு துண்டு கைகளுக்கு. ஒரு துண்டு முட்டிக்கு. நெற்றிக்கு வந்தபோது அவள் வாயிலிருந்து வந்தது அழுகையா சாமி பேரா என்று தெரியவில்லை. தலை சாயாமல் நிறுத்தி, கட்டில் சட்டத்தோடு சேர்த்து வளைத்து, முடிச்சுப் போட்டாள். போட்ட முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சு. அதன் மேல் இன்னொன்று.

முப்பிடாதி தொண்டை கிழியக் கத்தினாள். தலை அசையவில்லை. தங்கபுஷ்பம் குனிந்து தைத்தாள். ஊசி ஏறும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு ஏசினாள். மதினியை ஏசினாள், வைக்கோல் வண்டிக்காரனை ஏசினாள், பஜாரை ஏசினாள், கொழும்பில் இருக்கிற புருஷனை ஏசினாள். கை மட்டும் தவறவில்லை. கடைசி நூலை நறுக்கிவிட்டு நிமிர்ந்தாள். கண் தப்பித்துவிட்டது.

"முடிஞ்சுது. அவுத்து விடுங்க."

ஆவுடையம்மாள் முடிச்சில் விரலை விட்டாள். வரவில்லை. நகத்தால் நெம்பினாள். குனிந்து பல்லால் இழுத்துப் பார்த்தாள். ஒரு முடிச்சுகூட அசையவில்லை, அத்தனை இறுக்கமாகக் கட்டியிருந்தாள். பிள்ளை அழுதுகொண்டிருந்தாள், இவளும் அழுதுகொண்டே முடிச்சோடு மல்லுக்கட்டினாள்.

"வரமாட்டேங்குதுட்டி. எங்க அசைஞ்சு கண்ணுல குத்திருமோன்னு பயந்துட்டேன். அதான் இறுக்கிட்டேன்."

உள்ளே குருவம்மாள் நர்ஸம்மா, நர்ஸம்மா என்று கூப்பிட்டாள். தங்கபுஷ்பம் கத்தரிக்கோலால் வெள்ளைத் துணியை ஒவ்வொன்றாக வெட்டி, பிள்ளையைத் தூக்கி மதினியின் கையில் கொடுத்தாள். கோபம் இன்னும் அடங்கியிருக்கவில்லை.

"அந்தப் பயத்துலதான் மதினி நானும் கெட்டுனேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.